குதிரைக்கு முதுகு தேய்த்தவர்கள்

ஆங்கிலத்தில் ‘கரி ஃபேவர்’ என்று ஒரு தொடர் உண்டு. மேலிடத்தில் குழைந்து பேசிக் காரியம் சாதித்துக்கொள்வது என்று பொருள். நாம் ‘காக்கா பிடிப்பது’ என்போம். இந்தக் ‘கரி’ நம்முடைய ‘கறி’யிலிருந்து போனதுதான் என்று நண்பர் ஒருவர் என்னிடம் சாதித்தார். சாப்பாட்டுக் ‘கரி’ நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது, அது சரி. ஆனால் இந்தக் ‘கரி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறு ஆள். குதிரையின் உடம்பைப் பல் வைத்த இரும்புச் சீப்பால் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்குவதற்கு அந்தப் பெயர்.

அடுத்து வரும் ‘ஃபேவர்’ இன்னும் வேடிக்கை. அது முதலில் சலுகையைக் குறிக்கவே இல்லை. ஒரு குதிரையின் பெயர் அது. பிரெஞ்சில் ஃபோவெல். ஃபோவெலுக்கு முதுகு தேய்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்ததை, குதிரை யாரென்று மறந்துபோன ஆங்கிலேயர்கள், பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் தங்களுக்குத் தெரிந்த ‘ஃபேவர்’ ஆக்கிவிட்டார்கள். நம் ‘காக்கா பிடிப்பது’ கூட ‘கால் கை பிடிப்பது’ மருவி வந்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் அங்கே வாசகத்திலிருந்து குதிரை ஓடிப்போனது, இங்கே வாசகத்துக்குள் காக்கை பறந்து வந்தது. காரியம் என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அந்த ஃபோவெல் குதிரை வாழ்ந்தது ஒரு புத்தகத்தில். அதை எழுதியவர் பாரிஸில் அரசர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கும் மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பிரியம். ஆனால் அவரிடம் நேராகப் போக முடியாது. அவர் காலத்து மக்கள் ஒரு மிருகத்தின் படத்தைப் பார்த்தால் என்ன படித்தார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். குதிரையைக் குதிரையாகவும் நரியை நரியாகவும் மட்டும் பார்த்தால் அந்தப் புத்தகம் குழந்தைகள் படக்கதை போலத்தான் தெரியும்.

ஐரோப்பாவில் அச்சு வருவதற்கு முன்னால் புத்தகங்களைக் கையால் எழுதினார்கள். கன்றுக்குட்டி, ஆடு இவற்றின் தோலைப் பதப்படுத்தி, சுரண்டி, தாளாக்கி, வாத்து இறகால் எழுதி, வண்ணமும் பொன் தகடும் வைத்துப் படம் போட்டார்கள். அந்தப் படங்களுக்குப் பிரெஞ்சில் ‘ஆன்லுமினூர்’ என்று பெயர். ஒளியேற்றுவது என்ற பொருள் அதில் இருக்கிறது. பக்கத்தைச் சாய்த்தால் பொன் மினுங்கும், அதனால் வந்த பெயர். மிருகத் தோலில் மிருகப் படம்!

அந்த மிருகங்களுக்கெல்லாம் ஓர் அகராதி இருந்தது. அதன் மூலம் ‘ஃபிசியோலோகஸ்’ என்ற சிறிய கிரேக்க நூல். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில், பெரும்பாலும் அலெக்சாந்திரியாவில் எழுதப்பட்டது என்பார்கள். லத்தீன், சிரியாக், அர்மீனிய, எத்தியோப்பிய மொழிகளுக்கெல்லாம் போனது. மிருகத்தின் குணம் ஒன்றைச் சொல்லும், உடனே அதற்கு ஒரு பொருள் சொல்லும். சிங்கம் தன் காலடித் தடத்தை வாலால் அழித்துக்கொண்டே போகும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும். அதன் குட்டி செத்தே பிறக்கும், மூன்றாம் நாள் தகப்பன் சிங்கம் வந்து மூச்சு விட உயிர் வரும். மூன்றாம் நாள் என்றதும் கிறிஸ்தவ வாசகனுக்கு விளக்கம் தேவையில்லை. பெலிக்கன் பறவை தன் நெஞ்சைக் கொத்தி ரத்தத்தைத் தெளித்து இறந்த குஞ்சுகளை எழுப்பும், இதற்கும் விளக்கம் தேவையில்லை. நரி செம்மண்ணில் புரண்டு ரத்தம் பூசியது போலாக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி மல்லாந்து கிடக்கும். பிணம் என்று நினைத்துப் பறவைகள் வந்து உட்காரும். அடுத்த கணம் வாய்க்குள் இருக்கும். நரி என்றால் சாத்தான்.

இந்தச் சின்ன நூலோடு, ஏழாம் நூற்றாண்டில் செவீல் நகரத்து ஆயர் இசிதோர் தொகுத்த சொல்மூலக் களஞ்சியத்திலிருந்தும் சரக்கு சேர்த்து, பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பெரிய பெரிய விலங்கு நூல்கள் வந்தன. பிரெஞ்சில் இதை முதலில் செய்தவர் பிலிப் த தாவோன். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மனைவி ராணி அதலீஸுக்குச் சமர்ப்பித்தார். படங்களின் அழகுக்கு, 1200-ஐ ஒட்டி உருவாகி இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கும் அபர்தீன் பிரதியைச் சொல்வார்கள். பொன் தகட்டின் மேல் சிங்கமும் புலியும் நிற்கும். அந்தப் புலி வேட்டை நாய் போலத்தான் இருக்கும், பாவம் வரைந்தவர் புலியைப் பார்த்ததில்லை.

நமக்குச் சிரிப்பு வருவது யானையில்தான். இந்த நூல்களின்படி யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது. அதனால் படுக்க முடியாது, மரத்தில் சாய்ந்துகொண்டே தூங்கும். வேடன் வந்து மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிட்டுப் போவான். யானை சாய, மரம் முறிய, யானை விழுந்து கத்தும். பெரிய யானை ஒன்று வந்து தூக்கப் பார்க்கும், முடியாது. பன்னிரண்டு யானைகள் வரும், அவற்றாலும் முடியாது. கடைசியில் ஒரு சின்ன யானை வந்து தும்பிக்கையைக் கீழே கொடுத்துத் தூக்கிவிடும். பெரிய யானை என்பது மோசேயின் சட்டம், பன்னிரண்டும் தீர்க்கதரிசிகள், சின்ன யானை தன்னைத் தாழ்த்திக்கொண்ட கிறிஸ்து. கோயில் வாசலில் யானை முட்டி மடக்கி உட்காருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கதை தொடங்கிய இடத்திலேயே விழுந்துவிடுகிறது. இந்தியர்களும் பாரசீகர்களும் யானைமேல் மரக் கோபுரம் வைத்துப் போர் செய்வார்கள் என்று எழுதியதை ஓவியர்கள் அப்படியே நம்பி, முதுகில் முழுக் கோட்டையையே கட்டிவிட்டிருக்கிறார்கள்.

அவர்கள் முட்டாள்கள் என்று நினைக்க வேண்டாம். 1255-இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு நிஜ யானையைப் பரிசாக அனுப்பினார். லண்டன் கோட்டையில் அதற்குக் கொட்டகை கட்டினார்கள். மத்தேயு பாரிஸ் என்ற துறவி அதை நேரில் பார்த்து, உயரம் விளங்குவதற்காகப் பாகனையும் பக்கத்தில் நிறுத்தி அழகாக வரைந்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் யானை செத்துப்போயிற்று. அதற்குப் பிறகும் விலங்கு நூல்களில் மூட்டில்லாத யானை மரத்தில் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. கண்ணால் பார்த்த யானை வேறு, படிக்க வேண்டிய யானை வேறு. எழுத்தைத் திருத்தினால் வாக்கியம் கெட்டுவிடும் அல்லவா, அதுபோல.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஓர் அகராதி இருந்துவிட்டால், அதை வைத்துப் பிரசங்கம் மட்டுமா செய்வார்கள்? வம்பும் பேசலாம். பேர் சொல்ல முடியாதவரைப் பற்றிப் பேர் சொல்லாமல் பேசலாம்.

நரியிலிருந்துதான் அது தொடங்கியது. 1170-களிலிருந்து பிரான்சில் ரெனார் என்ற நரியின் கதைகள் பல கைகளில் எழுந்து சுற்றின. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஓநாய் இசாங்ரேன், கரடி ப்ரேன், சேவல் ஷாந்தெக்ளேர், ராஜா சிங்கம் நோப்ல் எல்லாம் பள்ளிப் பருவத்துச் சிநேகிதர்கள். நரிக்கு அந்தக் காலப் பிரெஞ்சில் ‘கூப்பில்’ என்று பெயர். ரெனார் என்பது அந்த ஒரு நரிக்கு வைத்த ஆள் பெயர். கதை எவ்வளவு பரவியது என்றால், ‘கூப்பில்’ என்ற சொல்லே வழக்கொழிந்து, நரி என்றாலே ‘ரெனார்’ என்றாகிவிட்டது. ஒரு கதாபாத்திரம் ஒரு ஜாதிக்கே பெயராவது உலகத்தில் அபூர்வம்.

பிறகு நரி புத்தக ஓரங்களுக்கு வந்தது. 1300-ஐ ஒட்டிய காலத்தில் வட பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ், இங்கிலாந்துப் பகுதிகளில் ஜெபப் புத்தகங்களின் ஓரமெல்லாம் மிருகங்களின் கூத்துதான். நடுவில் சங்கீதம், ஓரத்தில் குரங்கு வைத்தியம் பார்க்கும். ஆயர் உடையில் நரி நின்று வாத்துக்கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்யும். கவசம் போட்ட வீரன் நத்தையைக் கண்டு வாளைப் போட்டுவிட்டு மண்டியிடுவான். இந்த நத்தைச் சண்டையைப் பற்றி லிலியன் ராண்டல் என்ற அம்மையார் 1962-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வட்டிக்கடை வைத்திருந்த லொம்பார்தியர்களைக் கோழைகள் என்று கேலி செய்ததன் மிச்சம் இது என்பது அவர் வாதம். இருக்கலாம். எனக்கென்னவோ, நத்தை வீடு கட்டிய தோட்டத்தில் கீரை போட்டுப் பார்த்தவன் எவனும் நத்தையைச் சாதாரணமாக எண்ணமாட்டான் என்று தோன்றுகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது லண்டனில் இருக்கும் ஸ்மித்ஃபீல்ட் பிரதி. அது பக்தி நூல் இல்லை, ஒன்பதாம் கிரகோரி பாப்பரசர் தொகுப்பித்த திருச்சபைச் சட்டத் தொகுதி. எழுதியது தெற்குப் பிரான்சில், படம் போட்டது லண்டனில். சட்டத்துக்குக் கீழே பக்கம் பக்கமாகப் படக்கதை ஓடுகிறது. முயல்கள் ஒன்றுகூடி வேட்டைக்காரனைப் பிடிக்கின்றன, கட்டுகின்றன, விசாரித்துத் தலையை வெட்டுகின்றன. அடுத்து அவனுடைய நாய்க்கும் விசாரணை, அதற்குத் தூக்கு. மேலே சட்டம், கீழே முயல்களின் நீதிமன்றம். வக்கீல் குமாஸ்தா எவனாவது இரவு விளக்கில் அதைப் புரட்டும்போது என்ன நினைத்திருப்பான்!

இனி நம் ஆளிடம் வருவோம்.

பிரான்சில் 1285 முதல் ஆண்டவர் நான்காம் பிலிப். அழகன் பிலிப் என்று பட்டம். அதிகம் பேசமாட்டார், கண் இமைக்காமல் பார்ப்பார் என்று சொல்வார்கள். 1307 அக்டோபர் 13 அன்று நாடு முழுவதும் தெம்ப்ளியே வீரத்துறவிகளை ஒரே விடியலில் கைது செய்தவர். அவருடைய கடைசி வருஷங்களில் கஜானா, வரி, கட்டிடம், தூது எல்லாம் ஆங்கெரான் த மரிஞ்ஞி என்பவர் கையில் இருந்தது. நார்மண்டியிலிருந்து வந்த சிறு பிரபு, படிப்படியாக ஏறி, கடைசியில் அவர் சொல்லாமல் எதுவும் நகராது என்றானது. அரசரின் தம்பி ஷார்ல் த வலுவாவுக்கே அவரைக் கண்டால் ஆகாது.

ழெர்வே துய் புய்ஸ் இந்த மரிஞ்ஞியிடம் சாப்லேனாக இருந்து, அங்கிருந்து 1313 வாக்கில் அரசரின் ஷான்செல்ரீ அலுவலகத்துக்கு நொத்தேராக வந்தவர். அரசாணைகளை வரைவு போட்டு, நல்ல படி எடுத்து, முத்திரைக்கு அனுப்புகிற இடம் அது. நாள் முழுதும் ‘அருள்கூர்ந்து’, ‘மனமுவந்து’ என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டிய வேலை. அந்தக் கையிலிருந்துதான் ஃபோவெல் கதை வந்தது. முதல் பாகம் 1310-இல், இரண்டாம் பாகம் 1314 டிசம்பர் 6 அன்று முடிந்தது. மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். ஆசிரியர் தன் பெயரைப் போடவில்லை, கடைசியில் எழுத்துப் புதிராக ஒளித்து வைத்திருக்கிறார்.

கதை இதுதான். ஃபோவெல் ஒரு லாயத்துக் குதிரை. அதிர்ஷ்ட தேவதை ஏதோ விளையாட்டாக அதை லாயத்திலிருந்து தூக்கி அரண்மனையில் வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான், பாப்பரசர் முதல் கர்தினால், ராஜா, ஆயர், மடத்துத் துறவி, கடைக்கோடிச் சேவகன் வரை ஆளுக்கொரு சீப்பும் துணியுமாக வரிசையில் வந்து முதுகு தேய்க்கிறார்கள். வாலுக்கு ஒருவர், பிடரிக்கு ஒருவர், குளம்புக்கு ஒருவர். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தப் படத்தைப் பார்த்ததும் முகங்கள் தெரியும். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. புது அதிகாரி சார்ஜ் எடுத்த அன்று காலை பத்து மணிக்கு அவர் அறை வாசலில் போய் நின்று பார்த்தால் போதும்.

பெயரிலேயே பூட்டு வைத்திருக்கிறார் ழெர்வே. பிரெஞ்சில் ஆறெழுத்து. ஒவ்வொன்றும் ஒரு தீக்குணத்தின் முதலெழுத்து: ஃபிளாத்ரி என்ற முகஸ்துதி, அவாரிஸ் என்ற பேராசை, விலனி என்ற இழிசெயல், வாரியெத்தே என்ற நிலையின்மை, ஆன்வி என்ற பொறாமை, லாஷ்தே என்ற கோழைத்தனம். (அந்தக் காலத்தில் ‘உ’ வுக்கும் ‘வ’ வுக்கும் ஒரே எழுத்துதான், அதனால் கணக்குச் சரியாக வருகிறது.) பெயரைப் பிரித்துப் படித்தால் ‘பொய்த் திரை’ என்றும் வரும். நிறத்தையும் விடவில்லை. மற்ற நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்பொருள் உண்டே என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வாடின புல்லின் மங்கல் நிறத்தைக் குதிரைக்குக் கொடுக்கிறார்.

இந்தக் கதையின் பிரதிகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட்டு விலகி நிற்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் ‘ஃபிரான்சே 146’ என்ற எண்ணில் இருக்கிறது. 1317-ஐ ஒட்டி, அதே அரசு அலுவலக வட்டாரத்திலேயே தயாரானது. ஷாயூ த பெஸ்தேன் என்பவர் கதையை விரித்துச் சேர்த்த பாடம். ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள், நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள், அவற்றுக்கு இசைக் குறிப்பும் உண்டு. இசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் தொடாமல் பதினான்காம் நூற்றாண்டுக்குள் நுழைய முடியாது.

நான் சொல்ல வந்தது அதன் படங்களைப் பற்றி. தொடக்கத்தில் ஃபோவெல் நான்கு கால் குதிரை. சுற்றிலும் ஆட்கள் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கங்கள் புரளப் புரள ஓவியர் ஒரு வேலை செய்கிறார். ஓரிடத்தில் உடம்பு மனிதன், தலை மட்டும் குதிரை, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறது. வேறோரிடத்தில் மேல்பாதி மனிதன், பின்னால் குதிரைக் கால். மறுபடி முழுக் குதிரை. ஒரு கொள்கையின்படி மாறுவதாக எனக்குத் தெரியவில்லை, சூழ்நிலைக்குத் தக்கபடி மாறுகிறது. அதிகாரம் செய்ய வேண்டியபோது கையும் உடையும் வருகின்றன, அந்தரங்கம் வெளிப்படும்போது குளம்பு தெரிகிறது. விலங்கு நூலின் சிங்கம் எப்போதும் சிங்கம். இது அப்படியில்லை. பார்க்கிறவன் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இது மிருகமா, நாம் தினமும் வணக்கம் சொல்லுகிற ஆளா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தால் இதைச் செய்ய முடியாது, எழுத்தில் ‘ஃபோவெல்’ என்றால் ஃபோவெல்தான். தூரிகையால் மட்டும் முடிந்த காரியம்.

இரண்டாம் பாகத்தில் குதிரைக்குக் கல்யாண ஆசை. தன்னை உயர்த்திய அதிர்ஷ்ட தேவதையையே பெண் கேட்கப் போகிறது, சக்கரம் நிரந்தரமாகத் தன் பக்கமே நிற்கட்டும் என்று. அவள் சிரித்து, ‘வீண் பெருமை’ என்ற பெண்ணைக் கட்டிவைக்கிறாள். பாரிஸில் திருமணம். முதலிரவில் தெருவில் பெரும் கூச்சல். சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு, மிருக முகமூடி அணிந்த கூட்டம் வருகிறது. பொருந்தாத கல்யாணம் நடந்தால் அக்கம்பக்கத்தார் இப்படி இரவில் வந்து மானத்தை வாங்குவது அந்த ஊர் வழக்கம், ‘ஷரிவரி’ என்று பெயர். அந்த வழக்கத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படம் இந்தப் புத்தகத்தின் 34-ஆம் தாளில்தான் இருக்கிறது. உள்ளே மனித உடையில் மிருகம், வெளியே மிருக முகமூடியில் மனிதர்கள்.

நம் ஊருக்கும் இந்த அரண்மனைக்கும் ஒரு தொடர்பு உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா கையால் அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆகி, 1251-இல் ஸ்பானிய மொழிக்கு வந்தன. அதிலிருந்து லத்தீனில் எழுதும்படி பிலிப்பின் மனைவி ராணி ழான், ரேமோன் த பெசியே என்ற வைத்தியரிடம் சொல்லியிருந்தார். ராணி 1305-இல் இறந்துவிட்டார். வைத்தியர் விடாமல் முடித்து, படங்களோடு 1313-இல் அரசரிடமே கொடுத்தார். அந்தப் பிரதியும் பாரிஸ் நூலகத்தில் இருக்கிறது. சிங்க ராஜாவின் காதில் ஓதி, நல்ல நண்பனான எருதைக் கொல்லவைக்கும் நரி மந்திரி கதைதானே அதில் முதல் கதை! நம் தமனகன் அங்கே திம்னா. மரிஞ்ஞி செல்வாக்கின் உச்சியில் இருந்த வருஷம் அது. அரசர் படித்தாரா தெரியாது, அலமாரியில் இருந்தது.

1314 நவம்பர் 29 அன்று பிலிப் இறந்தார். ழெர்வே இரண்டாம் பாகத்தை முடித்த தேதியைத் திரும்பப் பாருங்கள்: ஒரு வாரம் கழித்து. மரிஞ்ஞியைத் தாங்க ஆளில்லை. புது அரசர் பத்தாம் லூயி இளைஞர், சித்தப்பா வலுவா பக்கத்தில் நின்றார். முதலில் கணக்கு கேட்டார்கள். கணக்கில் பிடி கிடைக்காமல் போகவே, அரசரைக் கொல்ல மெழுகுப் பொம்மை செய்து சூனியம் வைத்தார்கள் என்று மரிஞ்ஞி குடும்பத்தின்மேல் குற்றம் சாட்டினார்கள். 1315 ஏப்ரல் 30 அன்று மோன்ஃபோகோன் தூக்குமரத்தில் அவரைத் தொங்கவிட்டார்கள். உடல் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. லூயிக்கே கடைசியில் மனம் உறுத்தி, சாகும் தறுவாயில் மரிஞ்ஞி பிள்ளைகளுக்குப் பணம் எழுதிவைத்தார்.

‘ஃபிரான்சே 146’ இல் சேர்த்த பாடல்களில் சில இந்த மனிதரைப் பற்றியவை. எங்கும் பெயர் இல்லை. ஒன்றில் சேவல் அழுகிறது. சேவலுக்கு லத்தீனில் ‘கல்லுஸ்’, பிரான்ஸ் நாட்டானுக்கும் அதே சொல். நரி கோழிகளைத் தின்கிறது, ஆட்டின் ரத்தம் உறிஞ்சுகிறது, சிங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் சிங்கத்துக்குக் கண் தெரியவில்லை. இந்தப் பாட்டை ஆய்வாளர்கள் பலர் பிலிப் த வித்ரி இயற்றியதாகச் சொல்கிறார்கள். பின்னாளில் அவரும் அரசு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர், கடைசியில் ஆயரானவர். நரி யார், குருட்டுச் சிங்கம் யார் என்று கேட்க பாரிஸில் ஒருவனும் இருந்திருக்க மாட்டான். ஆனால் யாராவது விசாரணை வைத்தால்? ‘ஐயா, இது நரியைப் பற்றிய பாட்டு. விலங்கு நூலில் இருக்கிறதே, படித்ததில்லையா?’

இதைத் துணிச்சல் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அரசர் உயிரோடிருந்தபோது எழுதிய முதல் பாகத்தில் தெம்ப்ளியே துறவிகள் விஷயத்தில் ழெர்வே அரண்மனை சொன்னதையே சொல்கிறார். அவர்கள் பாவிகள், அரசர் செய்தது சரி என்கிறார். அந்தத் துறவிகளின் தலைவர் ழாக் த மொலே 1314 மார்ச்சில் எரிக்கப்பட்டார், அவருக்காக ஒரு மிருகமும் அழவில்லை. நரிப் பாட்டு மரிஞ்ஞி உயிரோடிருக்கிற காலத்தில் நின்று பேசினாலும், இந்தப் புத்தகத்தில் ஏறியது அவர் தொங்கிய பிறகு. செத்த நரியைக் கல்லால் அடிக்க யாருக்கும் வரும். போதாததற்கு, அந்த நரியின் வீட்டில் உப்புத் தின்றவர் ழெர்வே.

ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மனிதர் விழுந்துவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தக் குமாஸ்தாக்கள் நினைத்திருந்தால் புத்தகத்தை வேறு மாதிரி அடுக்கியிருப்பார்கள். மரிஞ்ஞியைப் பற்றிய பாடல்கள் அதில் காலவரிசையில் இல்லை. உயரப் பறந்து விழுந்தவன் செத்த செய்தி முதலில் வருகிறது, நரி தூக்கில் தொங்குவது அதற்குப் பின்னால், கடைசியில் உயிரோடு கோழி தின்கிற நரி. கைத்தவறாக இருக்காது, அலுவலகத்தில் தேதிவாரியாக அடுக்குவதே பிழைப்பாக இருந்தவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் கதையிலும் குதிரைக்குப் பிள்ளைகள் பெருகி, குட்டி ஃபோவெல்கள் நாடெங்கும் மேய்கிறார்கள், இளமை தரும் ஊற்றில் கும்பலாகக் குளிக்கிறார்கள்.

ழெர்வே துய் புய்ஸ் தன் பழைய எசமானர் தூக்கிலிடப்பட்ட பிறகும் வேலையை இழக்கவில்லை. அரசர்கள் மாறினார்கள், வம்சமே மாறி வலுவாவின் மகன் அரியணை ஏறினார். அத்தனை பேருக்கும் ஆணை எழுதிக்கொண்டு 1338 வரை அந்த அலுவலகத்தில் அவர் இருந்திருக்கிறார்.

படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாரிஸ் போக வேண்டியதில்லை. தேசிய நூலகம் தன் ‘காலிகா’ தளத்தில் புத்தகம் முழுவதையும் இலவசமாக வைத்திருக்கிறது. எண் 146 நினைவிருக்கட்டும். பழைய எழுத்து படிக்க வராதே என்று தயங்க வேண்டாம். முதல் தாளில் குதிரையைத் தேய்க்கிறவர்களின் முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.